உதட்டுக் கொப்புளக்காரர்களும் நானும்

கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாடி பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, வந்தவர் ஏன் மாஸ்க்கைக் கழற்றாமல் பேசுகிறார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். இருமுகிறவர் கழற்றிவிட்டுத்தான் இருமுவார். காய்ச்சல்காரர் மூச்சு முட்டுகிறது என்று தாடைக்கு இறக்கிவிடுவார். என்ன கேட்டாலும் கழற்றாமல், கண்ணாலேயே பதில் சொல்கிறவர் உதட்டுக் கொப்புளக்காரர்.

செனாயில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், கடைவரிசையில் எங்கள் கிளினிக். உள்ளே ஒரே ஒரு டாக்டர், நிதானமான அம்மா. கவுண்டரில் நானும், நான் காக் ரோஸ் என்று கூப்பிடும் மலாய் அக்காவும். டாக்டர் பார்த்து எழுதுவார். மாத்திரையை எண்ணிச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே வேளை எழுதி, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. டாக்டர் உள்ளே சொன்னதை யாரும் காதில் வாங்குவதில்லை. வெளியே வந்து எங்களிடம்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள்.

இந்தக் கொப்புளத்தை நம் ஜனங்கள் சூட்டுக் கொப்புளம் என்பார்கள். முதலில் உதட்டோரம் நமநமவென்று அரிக்கும். அப்புறம் கொத்தாக நீர்க் கொப்புளம், அது உடைந்து பொருக்கு. காரணம் சூடு இல்லை, ஒரு வைரஸ். உடம்பில் ஒருதடவை நுழைந்துவிட்டால் நரம்பில் படுத்துத் தூங்கும். காய்ச்சல் வந்தால், வெயிலில் அலைந்தால், நம் தூக்கம் கெட்டால், அது எழுந்து வரும். மாத்திரை அதை ஒழித்துக்கட்டாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால் நமநமக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும், எங்கள் டாக்டர் எழுதும் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஆறும்வரை யாருக்கும் முத்தம் கொடுக்கக் கூடாது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லி முடித்து, "ஒன்னும் பயப்படாதீங்க, போய்டும்" என்று ஒரு புன்னகையும் சேர்த்துக் கொடுப்பேன்.

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தப் புன்னகை கோணலாகிவிட்டது. என் மகன் அவசரப்பட்டு முன்னாலேயே பிறந்தவன், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வந்தவன். பெரியவர்களுக்கு இந்த வைரஸால் பெரும்பாலும் வெட்கக்கேடுதான். பச்சைக் குழந்தைக்கு ஒரு முத்தத்தில் ஒட்டினால் மூளைவரை போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து ஊரில் உள்ள எல்லா உதடுகளும் என் கண்ணில் படுகின்றன. அவன் தூங்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறவர்களும், பிள்ளையைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

டுரியான் மேல் வழக்கு

டுரியான் சீசன். லாரி ஓட்டும் மணியம் அங்கிள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். "நேத்து டுரியான் சாப்பிட்டேன்மா, சூடு ஏறிடுச்சு" என்றார். பக்கத்து நாற்காலியிலிருந்த சீன ஆன்ட்டி, டுரியான் தோலின் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடித்திருந்தால் இப்படி வந்திருக்காது என்றார். அவருக்கு அடுத்திருந்த மலாய்ப் பெரியவர், மேலே குளிர்ச்சிக்கு நாலு மங்குஸ்தீன் பழம் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றார். மூன்று இனமும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று பேரும் சேர்ந்து டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார்கள், அந்த அம்மாவுக்கு இது தெரியுமோ என்னவோ என்பதுபோல.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பழத்தின் மேல் பழி போடாதீர்கள், இராப்பகலாக லாரி ஓட்டித் தூங்காமல் இருந்தால் அந்த வைரஸ் தலைதூக்கும் என்றார். அங்கிள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாத்திரையை வாங்கும்போது குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "டாக்டர் சொல்றது சரிதான்மா. ஆனா அந்த வைரசுக்கு டுரியான் வாசம் பிடிச்சிருக்கும் லா."

உதட்டுக்கு எம்சி

தேவி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். மேலுதட்டில் கொத்தாக வைத்துக்கொண்டு வந்து எம்சி கேட்டாள். எம்சி என்பது டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரும் விடுப்புச் சீட்டு. எங்கள் பேட்டையில் காய்ச்சல் மாத்திரையைவிட அதற்குத்தான் கிராக்கி. "வேலை செய்றது கை, கொப்புளம் உதட்டுல. கைக்கு எதுக்கும்மா லீவு?" என்றார் டாக்டர். அதுவும் அந்தக் கம்பெனியில் தூசு படக்கூடாது என்று தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு மாஸ்க். வெளியே தெரிவது இரண்டு கண்கள்தான். கூடப் பிறந்த அக்காவே அவளை அங்கே அடையாளம் தெரியாமல் கடந்து போயிருக்கிறாளாம்.

மாத்திரையோடு மட்டும் வெளியே வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. லைனில்தான் யாருக்கும் தெரியாதே, அப்புறம் என்ன என்று ஆறுதலாகக் கேட்டேன். கவுண்டரில் சாய்ந்து, காக் ரோஸுக்குக் கேட்காமல் சொன்னாள்: "லைன்ல தெரியாதுக்கா. கேண்டீன்ல மாஸ்க்கைக் கழட்டித்தானே சாப்பிடணும். அந்த மெயிண்டனன்ஸ் ஆளு இப்பத்தான் எதிர் மேசையில வந்து உக்கார ஆரம்பிச்சிருக்காரு."

உரைகல்

லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார் ஒரு பெரியவர். தோட்டத்து ஆபிசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் இன்னும் பேனா செருகியிருப்பார். எதையும் முறைப்படி செய்கிற ஆள். அவர் மறுபடி வந்தபோது உதடு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. மருந்து சரியில்லை என்றார், கோபமாக இல்லை, அலுவலக முறையில். ஐந்து வேளை எடுத்தீர்களா என்றேன். எடுத்தேன். சாப்பிட்ட பிறகா? சாப்பிட்ட பிறகுதான். அப்படியானால் பையில் ஏன் இவ்வளவு மிச்சம் இருக்கிறது? "ஒரு மாத்திரை ரெண்டு வேளைக்குக் காணுதும்மா" என்றார்.

எனக்கு விளங்க நேரமாயிற்று. பெரியவர், பிள்ளைக்கு வசம்பு உரைக்கிற மாதிரி, உரைகல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மாத்திரையை உரைத்து, அந்தச் சாந்தை ஐந்து வேளையும் உணவுக்குப் பின் உதட்டில் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பையின் மேல் எழுதியிருந்ததில் ஓர் எழுத்தைக்கூட அவர் மீறவில்லை. விழுங்கவும் என்று அதில் இல்லை. கான்வெண்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய எனக்கு, அதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. காக் ரோஸ் அலமாரியில் எதையோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

இதை வாயில் போட்டு விழுங்க வேண்டும் அங்கிள் என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புண்ணு உதட்டுல இருக்கு. மாத்திரைய வயித்துக்குள்ள அனுப்பிட்டா, அது வழி கேட்டு மேல வரணுமேம்மா."

யார் கொடுத்தது?

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. கொப்புளம் கணவனுக்கு, விசாரணை மனைவிக்கு. சின்ன வயதில் யாரோ முத்தம் கொடுத்து ஒட்டியிருக்கும், பல வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு 'யாரோ' என்ற சொல் பிடிக்கவில்லை. கவுண்டரில் நின்றபடியே மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தாள். "அத்தை, இவருக்குச் சின்னதுல யாரு முத்தம் கொடுத்தது?"

அந்தப் பக்கமிருந்து பட்டியல் தொடங்கியது. மூன்று மாமா, அவர்கள் சம்சாரங்கள், பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி, ஸ்கூல் வேன்காரர், பால்காரர், அப்புறம் முப்பதுக்கு வந்த அத்தனை பேரும். முப்பது என்றால் தெரியுமே, பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் முடி இறக்கி, பெயர் வைத்து, சொந்தபந்தத்தைக் கூட்டி நாம் செய்யும் விசேஷம். எனக்கு அங்கேயே எங்கள் வீட்டு முப்பது நினைவுக்கு வந்தது. என் மகன் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததால் தள்ளிப்போட்ட முப்பதை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தோம். வாசலில் போடும் கேனோபிப் பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. வருகிறவர்களின் உதடுகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி போனை வைத்தாள். கணவன் மாஸ்க்குக்குப் பின்னால் சிரிப்பது தெரிந்தது. "என் வாழ்க்கையில இவ்வளவு பேரு என் மேல ஆசைப்பட்டிருக்காங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

அந்த வாரமே, மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது என் கீழுதட்டின் ஓரம் நமநமத்தது. பெண்களே, எறும்பு ஊர்வது மாதிரிதான் இருக்கும், ஆனால் எனக்கு லாரி ஏறுவது மாதிரி இருந்தது. பள்ளியில் பரீட்சை வந்தால் எனக்கு இது வரும். சிஸ்டர் ஊதா மருந்தைத் தடவிவிடுவார், அசெம்பிளியில் பாடும்போது தேவாலய வாசலிலிருந்தே என் உதடு தெரியும். அதன் பிறகு பல வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது, பிள்ளை கைக்கு வந்தபிறகு, முப்பதுக்கு நாள் குறித்தபிறகு வந்திருக்கிறது.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் நோயாளிகள் மாதிரியே கண்ணால் பதில் சொன்னேன். பழைய கொப்புளம்தான், பயம் வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும் என்றார். மாத்திரையை இப்போதே ஆரம்பி. பால் கொடுக்கலாம், மாத்திரையால் பாலுக்குப் பாதகமில்லை. கொப்புளத்தைத் தொடாதே, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு. வீட்டில் மாஸ்க் போடு. பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை முத்தம் கிடையாது. இத்தனையும் நானே தினம் பத்துப் பேருக்குச் சொல்வதுதான். அன்றைக்கு ஒன்றுகூடத் தலைக்குள் போகவில்லை.

வெளியே வந்து காக் ரோஸிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டேன். அவர் என் மாத்திரையை எண்ணிப் பையில் போட்டு, விழுங்கவும் என்பதற்கு அடியில் கோடு போட்டார். பிறகு நான் எல்லாருக்கும் காட்டும் அதே புன்னகையோடு, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி மலாயில் சொன்னார்: "ஒன்னும் பயப்படாதே அடேக், போய்டும். இது நீ எல்லாருக்கும் சொல்றதுதானே, இன்னிக்கு நீயே நம்பிப் பாரு."

வீட்டில் ஒரு திருடி

வீட்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்கும் தாயைப் பார்த்து மகன் முதலில் விழித்தான். பிறகு அதைப் பிடித்து இழுப்பதே அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. அவன் இழுக்க, நான் பின்னால் சாய, பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். குளிப்பாட்டித் துடைத்து, அந்தக் கன்னம் பக்கத்தில் வரும்போது என் உதடு தானாகக் குவியும். திருடி மாதிரி முகத்தைத் திருப்பி அலமாரிக் கதவைப் பார்ப்பேன். எங்கள் வீட்டு அலமாரிக்கு இவ்வளவு பாசமான பார்வை இதற்கு முன் கிடைத்ததில்லை.

என் கணவர் நல்ல மனிதர், பயந்த சுபாவக்காரர். அவருக்கு என்னைப் பற்றிப் பயமில்லை, பெக்கோக் ஊரில் இருக்கும் அத்தையைப் பற்றித்தான். அவருடைய அப்பாவுக்குத் தங்கை, தாயில்லாத இவரை வளர்த்தவர். பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்லும் உரிமை அவருக்குத்தான். சொல்லி முடித்ததும் இரண்டு கன்னத்திலும் சத்தம் வர முத்தம் வைப்பது அவர் வழக்கம். அந்தக் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் அந்த முத்தத்துக்கு அழுதுகொண்டேதான் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அவர் கொடுத்துவிட்டால் அடுத்தவர்கள் வரிசையில் வருவார்கள். அவருடைய உதடு நன்றாக இருக்கலாம், வரிசையில் எந்த உதடு நமநமக்கிறது என்று யார் கண்டார்கள்? அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று கணவரைக் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "நீயே சொல்லு. நீ கிளினிக்ல வேலை செய்றவ, உனக்குத்தான் பேசத் தெரியும். நான் அந்த நேரத்துல ஐஸ் வாங்கப் போயிடறேன்."

முப்பது

ஞாயிற்றுக்கிழமை. உரிய நேரத்தில் என் கணவர் ஐஸ் வாங்கப் போய்விட்டார். அத்தை காரிலிருந்து இறங்கினார். சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி வந்தார். என் மாஸ்க்கை ஒரு பார்வை பார்த்தார், கேனோபிக்கு அடியில் போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக வாசலிலேயே பிள்ளையைப் பிடுங்குகிறவர். யாரோ சொல்லிவிட்டார்கள், கோபத்தில் இருக்கிறார் என்று முடிவு செய்தேன். "அத்தை, தயவு செய்து தவறாக நினைக்காதீர்கள்" என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தைக் கான்வெண்டில் படித்த அத்தனை மரியாதையோடும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை எடுத்து விடுவதற்குள் பூசாரி சடங்கைத் தொடங்கிவிட்டார்.

பூசாரி கூப்பிட்டு, பிள்ளையை அத்தை மடியில் வைத்தார். காதில் பெயர் சொல்லுங்கள் என்றார். அத்தை வாயிலிருந்து தலைப்பை எடுக்கவில்லை. குனியவுமில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பி, "கவின்" என்று கூப்பிட்டார் பாருங்கள், பெக்கோக் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்துகிற மாதிரி. மூன்று தடவை. காதோடு காதாகச் சொல்ல வேண்டிய பெயர் எங்கள் தாமான் குடியிருப்பில் கடைசி வீடுவரை கேட்டது. முத்தம் இல்லை. பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் எழுந்து போய்விட்டார். கூட்டத்தில் குசுகுசுப்பு. தாய் மாஸ்க் போட்டு நின்றால் பெரியவளுக்குக் கோபம் வராதா என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

பிள்ளையை என் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அத்தை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "அத்தை, மன்னிச்சிடுங்க, எனக்கு உதட்டுல" என்று மாஸ்க்கை இறக்கினேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலைப்பை இறக்கினார். அதே இடம், அதே கீழுதடு, பொருக்குக் கட்டி, மேலே மஞ்சள் பூசியிருந்தது. "எங்க ஊரு கிளினிக்கு கவுண்டர்ல இருக்குற மிஸ்ஸி சொன்னா, இது ஆறுறவரைக்கும் பச்சப் புள்ள மூஞ்சி பக்கம் போயிடாதீங்கன்னு" என்றார். "பேரு வைக்க வந்துட்டு புள்ளைய கொஞ்சாம இருந்தா நீ என்ன நினைப்பியோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன். வராம இருந்துடலாம்னுகூட பாத்தேன்." மாத்திரை எடுத்தீர்களா என்றேன். எடுக்கவில்லையாம், மாத்திரை சூடாம். பெக்கோக்கில் ஒரு கவுண்டருக்குப் பின்னால் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாங்கள் திரும்பி வந்தபோது தங்கையைச் சுற்றி வரிசை கூடிவிட்டது. முதல் ஆளாகக் குனிந்தவர், மீசையும் பாக்குச் சிவப்புமாக என் கணவரின் சித்தப்பா. அத்தை அவரைத் தோளால் இடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போங்கள், கன்னத்துப் பக்கம் யாரும் வர வேண்டாம் என்றார். சித்தப்பா சிரித்தபடி, "என்னக்கா, நம்ம வீட்டுப் புள்ளதானே" என்றார். அத்தை தலைப்பை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு, கேனோபி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கே இல்லாத முத்தம் உங்களுக்கு எதுக்குடா?"

இன்றைக்கு என் உதடு ஆறி, பிள்ளையும் சுகமாக இருந்து, தாராளமாகக் கொஞ்சலாம் என்று டாக்டர் சொல்லி வாரங்கள் ஆகியும், ஊருக்கெல்லாம் பயப்படாதீங்க என்று மாத்திரைப் பையை நீட்டுகிற நான் மகனுடைய உள்ளங்காலைத் தாண்டி இன்னும் முழங்கால்வரைதான் முத்தம் கொடுத்து முன்னேறியிருக்கிறேன்.